வேகாத பொங்கல் வேண்டுமென்றே வைத்தது

ஜெயந்தி போய்விட்டார். நேற்று, டெக்சாஸ் பேர்லேண்டில், மகள் வீட்டில்.

செய்தி வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பழைய வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: "ஸ்டேஜ்ல வேகாத பொங்கல் குடுத்தாங்களே, அந்த ஆன்ட்டியா? ஸோ ஸ்வீட். RIP." கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொங்கல் கைதவறி வேகாமல் போகவில்லை. வேகாதபடி அவரே செய்து எடுத்து வந்தார். இதை அன்றைக்கே உரக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெயந்தி சென்னையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தொண்ணூறுகளின் நடுவில் கணவரின் வேலைக்காக டெக்சாஸ் வந்தார். டிபெண்டன்ட் விசா... வேலை பார்க்க அனுமதி கிடையாது. நான் அப்போது இங்கே ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார்.

சும்மா இருக்க முடியாமல், சனிக்கிழமை மத்தியானங்களில் லைப்ரரியில் இலவசமாகப் பேச ஆரம்பித்தார். சமையலை வைத்துக் கணிதம். யார் வேண்டுமானாலும் வரலாம்.

ஒருநாள் ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான பாலும் ஒரு கிண்ணம் தயிரும் கொண்டுவந்தார். நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் இன்றைய பாலுக்கு உறை, இன்றைய தயிரில் ஒரு ஸ்பூன் நாளைய பாலுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு டிரக் டிரைவர், உள்ளூர்க்காரர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். எல்லாம் சரி மேடம், முதல் தயிர் எங்கிருந்து வந்தது?

"கடையில் வாங்கினேன்" என்றார் ஜெயந்தி. ஹாலே சிரித்தது.

பிறகு சொன்னார். முதல் தயிர் கையில் இருக்க வேண்டும். ஒருநாள் தயிர் இருந்தால் மறுநாள் தயிர் நிச்சயம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும், ஆயிரமாவது நாள் தயிரை யாரும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

இண்டக்‌ஷன் (கணிதத் தொகுத்தறிதல்) என்கிற அந்தப் பாடத்தை நான் வருடக்கணக்காகப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன், பாதிப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை நானும் ஒரு தயிர் டப்பாவோடு கிளாஸுக்குப் போனேன்.

அடுத்து எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அந்தப் பொங்கல் விழா. ஒரு பள்ளிக்கூடத்து கஃபேட்டீரியாவில் நடந்தது.

ஜெயந்தி இரண்டு பாத்திரம் கொண்டுவந்தார். ஒன்றில் அரிசி வெந்தபிறகு வெல்லம் சேர்த்த பொங்கல். இன்னொன்றில் வெல்லத்தை முதலிலேயே போட்டுவிட்டு அரிசியை வேகவைத்தது. அதே அரிசி, அதே வெல்லம், அதே அடுப்பு. இரண்டிலிருந்தும் முன்வரிசைக்கு ஒவ்வொரு ஸ்பூன் கொடுத்தார்.

மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. ஆனால் வரிசையை மாற்றினால் விடையும் மாறிவிடுகிற கணிதம் ஒன்று உண்டு, அது உங்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே நாக்கில் தெரியும்... இதுதான் அவர் சொல்ல வந்தது.

சொல்ல விடவில்லை. முன்வரிசையில் ஒருவர் இரண்டாவது பாத்திரத்தில் ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஆன்ட்டி, அரிசி வேகவே இல்லையே!" என்று கத்தினார்.

"வேகாது. அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் ஜெயந்தி.

மைக் வைத்திருந்தவருக்கு அது காதில் விழவில்லை. "பரவால்ல ஆன்ட்டி, எல்லாருக்கும் நடக்கறதுதான்! கணக்கெல்லாம் எதுக்கு, நல்லா வந்த பொங்கலோட ரெசிபி சொல்லுங்க!"

ஒரே கைதட்டல். ஆன்ட்டியாம்... ஜெயந்திக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மைக் பிடித்தவருக்கு நாற்பது இருக்கும்.

அவர் ரெசிபி சொன்னார். ஒரு கப் அரிசி, கால் கப் பாசிப்பருப்பு... இரண்டு பாத்திரத்தையும் மூடி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. லைப்ரரிக்கும் போகவில்லை.

நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைய நிகழ்ச்சி நிரலை டைப் செய்ததும் நான்தான். தமிழ் ஃபான்ட் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பாட்டுப் பாடிய மருத்துவர்கள் பெயருக்கு முன்னால் மறக்காமல் 'டாக்டர்' போட்டேன். இவருக்கு, கமிட்டி எழுதிக் கொடுத்தபடியே, 'ஜெயந்தி ஆன்ட்டியின் சமையல் குறிப்புகள்'.

கிரீன் கார்டு வந்ததும் காலேஜ் காலேஜாக அப்ளை பண்ணினார். நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் வேலை கொடுக்கவில்லை.

இன்று காலையில் அவர் மகள் போன் செய்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"அங்கிள், அம்மா ஸ்டேஜ்ல பொங்கலைச் சொதப்பிட்டாங்களாமே? எல்லாரும் அதையே சொல்றாங்க. ஃப்யூனரல்ல ஃபன்னி ஸ்டோரியா சொல்லலாமான்னு கேக்கறாங்க."

"சொதப்பலம்மா." நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஃப்யூனரல்ல குடுக்கற கார்டுல அம்மா பேருக்குக் கீழ என்ன போடறது அங்கிள்? வொண்டர்ஃபுல் குக்னு போடச் சொல்றாங்க."

"மேத்தமெட்டீஷியன்னு போடு."

"ஆனா அவங்க வேலையே பாக்கலையே அங்கிள்."

"அவங்க பாத்தாங்கம்மா. நாங்கதான் அதை வேலையாப் பாக்கல."

சனிக்கிழமை ஃப்யூனரலுக்கு வருகிறவர்கள் வாருங்கள். அந்தப் பொங்கல் கதையைச் சொல்வதாக இருந்தால் முழுசாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். இந்த முறை நான் எழுந்து நிற்பேன்.

கார்டை நான்தான் டைப் செய்கிறேன்.

போய் வாருங்கள், டாக்டர் ஜெயந்தி.