மூணு ஏயும் ஒரு நூலிழையும்

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் சொல்லிக்குடுக்குற தொழில்ல ஒரு வேடிக்கை என்னன்னா, ஃபெயிலான பிள்ளை ரெண்டு நாள் அழுதுட்டு வேலை தேடப் போயிரும், மூணு பாடத்துக்கும் மூணு ஏ எடுத்த பிள்ளைதான் வருஷக்கணக்கா அழும்.

பதுளை டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில சனி ஞாயிறு வகுப்பு வைக்கிறேன். கீழ தகரம் வெட்டுற சத்தம், மேல நான் கத்துற சத்தம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில, அதைப் பிள்ளைங்க மன்னிச்சு வச்சிருக்காங்க. வீட்டுல உயர்தரப் பிள்ளைய வச்சுக்கிட்டு இசட் ஸ்கோர், மாவட்ட ரேங்க், வெட்டுப்புள்ளின்னு தூக்கம் கெட்டு அலையிற அப்பா அம்மாமாரே, சோக்கட்டியோட மல்லுக்கட்டுற டீச்சர்மாரே, ஒங்க வலி எனக்குத் தெரியும். அதனாலதான் தர்ஷினியப் பத்திச் சொல்ல வந்தேன். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா செல்வி மலையில கொழுந்து எடுக்குறாங்க, அப்பாவுக்கு ஃபேக்டரியில வேலை. அந்தப் பிள்ளைக்கு டொக்டராகணும். வேற ஒண்ணும் கேக்கல.

வெட்டுப்புள்ளி வர்றதுக்கு முந்தியே டொக்டர்

மொத தடவை தர்ஷினிக்கு ரிசல்ட் சுமார்தான். ரெண்டாவது தடவை மூணு ஏ. நம்ம நாட்டுல ரிசல்ட் மொதல்ல வரும், கம்பஸுக்குள்ள போக எவ்வளவு புள்ளி வேணும்ங்கிற வெட்டுப்புள்ளி மாசக்கணக்கா ஆறி அசைஞ்சு பின்னால வரும். அந்த நடுவுல இருக்குற காலத்துல, மூணு ஏ எடுத்த பிள்ளைங்க எல்லாம் ஊருக்கு டொக்டர்தான்.

நான் கேக் ஒண்ணு வாங்கிக்கிட்டு அவங்க லயத்துக்கு, தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீடுகளுக்குப் போனேன். கோயில்ல பொங்கல் வச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கல்கண்டு குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கூட்டத்துல பக்கத்து வீட்டு, அதாவது பக்கத்துக் காம்பராக்காரர் ஒருத்தர் வேட்டியத் தூக்கி, வீங்கின காலை தர்ஷினிக்கு முன்னால நீட்டிட்டாரு. "மாமா, நான் இன்னும் கம்பஸே போகல, கிடைக்குமான்னும் தெரியாது" ன்னு பிள்ளை வெக்கத்துல நெளியுது. அவரு காலை எடுக்குற மாதிரி இல்ல. "கம்பஸுக்கு ஆறுதலா போ தாயி, அது வரைக்கும் இந்தக் காலு தாங்காது, இப்பவே பாத்திரு."

முன்னுக்கு நிக்கிறவங்க

வெட்டுப்புள்ளி வர்ற வரைக்கும் பதுளைப் பெத்தவங்களுக்கு ஒரே வேலை, மாவட்ட ரேங்க்ல தன் பிள்ளைக்கு முன்னால நிக்கிற பிள்ளைகளை எண்ணுறது. யாரு வெளிநாட்டுக்குப் போவாங்க, யாரு வேற படிப்புக்கு மாறுவாங்கன்னு துப்பறியிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேற. கொழும்பை விட ஒங்க மாவட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாத்தானே கேக்குறாங்கன்னு சொல்லுறவங்க இருக்காங்க. அவங்க ஒரு தடவை நம்ம மழையில, வராத பஸ்ஸுக்குக் காத்து நின்னு வகுப்புக்கு வந்து பார்க்கட்டும், அதுக்குப் பிறகு பேசலாம்.

கீழ இருக்குற ஹார்ட்வெயார் முதலாளியோட மகனும் என்கிட்டதான் படிச்சான். தங்கமான பையன், ஆனா ரேங்க் ரொம்பப் பின்னுக்கு. ஒருநாள் வகுப்பு முடிஞ்சதும் முதலாளி பிளேன்டீயோட மேல வந்தாரு. கதவைச் சாத்தினாரு. பிள்ளைங்க உக்கார்ற பெஞ்சுல அடக்கமா உக்காந்தாரு. சிமெண்டு விலை, மழை, கோயில் திருவிழான்னு சுத்தி வளைச்சுப் பேசிட்டு, கடைசியில குரலை இறக்கிக் கேட்டாரு: "ஏன் டீச்சர், முன்னுக்கு இருக்குற பிள்ளைங்கள்ல ரத்தத்தைக் கண்டா மயங்கி விழுற பிள்ளை ஒண்ணுகூடவா இல்ல?"

அரைப்பேர்

வெட்டுப்புள்ளி வந்துச்சு. தர்ஷினி என் வகுப்புல வச்சுத்தான் போன்ல பார்த்தா. தவறிப்போச்சு. அதுவும் எப்படி, புள்ளி போட்டு, அதுக்குப் பின்னால வர்ற எண்கள்ல, ஒரு நூலிழையில. அழல. "நான் வீட்டுக்குப் போறேன் டீச்சர்" ன்னு பையைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டா. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கல. கணக்குப் போட்ட கம்ப்யூட்டரு முன்னால நின்னிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அடுத்த நாள் செல்வி வந்தாங்க. மலைக்குப் போகாம, நல்ல சேலை உடுத்திக்கிட்டு, டவுனுக்கு இறங்கி வந்து என் முன்னால உக்காந்தாங்க. தசமம்னா என்ன, சராசரின்னா என்னன்னு நான் பலகையில எழுதியே காட்டினேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. மலையில ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. அது குறைஞ்சா அன்னைக்கு முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அந்தக் கணக்குல வளர்ந்த மனுசி, சேலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சுக்கிட்டு சொன்னாங்க: "எங்க கணக்கப்பிள்ளை எவ்வளவு பொல்லாத மனுசன், அவரே அரைக்கிலோ குறைஞ்சா அரைப்பேராவது போடுறாரு. இவங்க இவ்வளவு படிச்சவங்க, எம்புள்ளைக்கு ஒண்ணுமே போடலையே டீச்சர்."

தேயிலையில ஒரு பட்டம்

ஒண்ணுமே போடலன்னு சொல்ல ஏலாது. வேற ஒரு படிப்பு கிடைச்சுச்சு: தேயிலைத் தொழில்நுட்பம். நல்ல படிப்புதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல பதிஞ்சுட்டா மருத்துவத்துக்கு இனிமே விண்ணப்பிக்க ஏலாது. பதியாம விட்டா மூணாவது தடவை பரீட்சை எழுதலாம், அதுதான் கடைசித் தடவை. அதுவும் கோட்டை விட்டா கையில இருந்ததும் போச்சு. இந்த லட்சணத்துல வெட்டுப்புள்ளி வர்ற நேரம் அடுத்த பரீட்சை வாசல்ல வந்து நிக்கும்.

செய்தியைச் சொன்னப்ப தர்ஷினியோட அப்பா சிரிச்சாரு. வருஷக்கணக்கா ஃபேக்டரியில கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்துல நின்ன மனுசன், உடுப்பெல்லாம் தேயிலைத் தூள் வாசம். சிரிச்சுக்கிட்டே முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. "நாலு தலைமுறையா நாங்க ப்ராக்டிகல் செஞ்சு முடிச்சிட்டோம் டீச்சர், தியரி மட்டும்தான் பாக்கின்னு கண்டுபிடிச்சிட்டாங்க போல."

சுவத்துக்கு அந்தப் பக்கம்

பதியிறதுக்குக் கடைசி நாள் நெருங்குது, தர்ஷினி போனை எடுக்க மாட்டேங்குறா. பொறுக்க ஏலாம நானே பஸ் ஏறிப் போனேன். "பதியப் போறேன் டீச்சர்" னு தலையக் குனிஞ்சுக்கிட்டு சொன்னா. பரீட்சைக்குப் பயமான்னு கேட்டேன். இல்லையாம். பாடம் முடியலையான்னு கேட்டேன். முடிஞ்சிருச்சாம். பிறகு என்னாடி ஒனக்குன்னு கத்திட்டேன்.

அப்பத்தான் சொன்னா. லயத்துல ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவுல ஒரு சுவருதான், இங்க இருமினா அங்க கேக்கும். அவ படிக்கிறான்னு லயமே வாயைக் கட்டி வச்சிருந்திருக்கு. டிவிய ஊமையா ஓட விட்டுப் பார்த்தாங்களாம். புருஷன் பொண்டாட்டி சண்டையைக் கூட தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய்த்தான் போட்டாங்களாம். ஒரு கல்யாணமே ஸ்பீக்கர் இல்லாம நடந்துச்சாம். "எனக்காக எல்லாரும் மெதுவாவே பேசிக்கிட்டு இருக்காங்க டீச்சர். இன்னொரு தடவைன்னு எந்த முகத்தோட கேக்குறது?" ன்னா. பக்கத்துக் காம்பரா ஜெயமணி அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க, கேக்காம எப்படி. சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துச்சு: "அவளை எழுதச் சொல்லுங்க டீச்சர், இந்தத் தடவை நாங்க டிவிய சத்தமாவே வைக்கிறோம்."

மூணாவது தடவை

கடைசி நாள் பதியாமலே போயிருச்சு. அதுக்குப் பிறகு நான்தான் தூங்கல.

சொன்ன சொல்லைக் காப்பாத்தினாங்க பாருங்க, அதுக்கு ஒரு அளவு வேணாமா? ஒரு கணக்கை விளங்கப்படுத்த அவளுக்கு போன் கோல் எடுத்தா, போன்ல நாடகத்து மாமியார் திட்டுறது கேக்குது, யாரோ பிள்ளையத் துரத்துறது கேக்குது, ஜெயமணி அக்கா சிரிக்கிறது கேக்குது. "தர்ஷினி, நான் சொன்னது விளங்குச்சா?" ன்னு கத்துவேன். "விளங்குச்சு டீச்சர்" னு அவளும் கத்துவா. ரெண்டு வருஷத்துல அந்தப் பிள்ளை அப்படிச் சிரிச்சுப் பேசி நான் கேட்டதே இல்ல.

பரீட்சை முடிஞ்சுச்சு. ரிசல்ட் வந்துச்சு. திரும்பவும் மாசக்கணக்கா காத்துக் கிடந்து, வெட்டுப்புள்ளியும் வந்துச்சு. இந்தத் தடவை நூலிழை இல்ல, நல்லா தாண்டிட்டா. மருத்துவ பீடம். நான் லயத்துக்குப் போய்ச் சேரும்போது ஸ்பீக்கர் காதைக் கிழிக்குது, செல்வி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க, ரெண்டு பேரும் வெக்கமில்லாம அழுதோம். ஜெயமணி அக்கா ஒரு தட்டு கேசரியை என் கையில திணிச்சிட்டு, ரொம்ப யோசிச்சு முடிவு பண்ணின மாதிரி சொன்னாங்க: "மொத ரெண்டு தடவையும் நாங்க வாயைப் பொத்திக்கிட்டு இருந்ததுதான் டீச்சர் பிழை."

நம்ம தொழில்ல ஒரு பிள்ளை உள்ளுக்குப் போன சந்தோஷம், அதே வெட்டுப்புள்ளியில நூலிழையில வெளிய நின்னுட்ட, என்கிட்டயே படிச்ச ஹாலிஎல ஊர்ப் பிள்ளையோட அம்மா கோல் எடுக்குற வரைக்கும்தாங்க.