இராயப்பரின் தாடி

எங்கள் கோயில் திருப்பாடுகளின் நாடகத்தில், இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கிற சீடர் இராயப்பர் வேசம் எனக்கு. போன வருசம் சேவகனாக வந்த என் மச்சான் தாடியைப் பிடித்து, "நீயும் அவரோட திரிஞ்சவன்தானே?" என்று இழுக்க, ஒட்டுத்தாடி அவன் கையோடு போய்விட்டது. சனம் சிரித்த சிரிப்பில் இயேசுவாக நின்றவரும் சிரித்துவிட்டார்.

அந்த வெட்கத்தில் சொந்தத் தாடி வளர்த்தேன். கடலுக்குப் போய்வருகிற முகம். உப்பில் காய்ந்து ஒரே கடி. சொறிந்து சொறிந்து நாடி சிவந்துவிட்டது.

"தேங்காய்த் தும்பு மாதிரிக் கிடக்கு, வழிச்சுவிடுங்கோ" என்றாள் என் மனிசி.

விடுவேனா? தேங்காயெண்ணெயில் கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் கலந்து, கராம்பு போட்டுக் காய்ச்சினேன். முதல் தரம் கருகி வீடெல்லாம் புகை. பிறகு அடுப்பைத் தணித்து வைத்தேன், சரிவந்தது. கடலால் வந்து முகம் கழுவியதும் பூசுவேன். கடி நின்றது. தாடி படிந்து மினுங்கியது.

நாடகத்தன்று மச்சான் பிடித்து இழுத்தான். வரவில்லை. நம்பாமல் இன்னும் பலமாக இழுத்தான். "எனக்கு அவரைத் தெரியாது" என்றபோது என் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முன்னால் இருந்த என் மனிசியும் கண்ணைத் துடைத்தாள்.

தள்ளி இருக்கிற அடம்பன் சந்தையில்கூட என் கையைப் பிடித்து, என்ன உருக்கமான நடிப்பு என்கிறார்கள். அது வலி என்று நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.