ஐந்தாவது உள்ளீடு

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. ராத்திரிதான் வர வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது.

ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அவர் முதுநிலை ஆயுட்கால முன்கணிப்பு வல்லுநர். பெயர்ப்பலகை மேசையைவிட நீளம். ஊரார் எத்தனை வருஷம் இருப்பார்கள் என்று சொல்லத் தெரிந்த மனிதர், மகளோடு பேசி இரண்டு வருஷம். அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள். இவர் வாயை மூடிக்கொண்டார். அவள் போன் எண் மனப்பாடம். கைதான் போகாது. வீட்டுச் சுவருக்கு அலுவலகச் சுவர் தேவலை என்று ஞாயிறும் வந்துவிடுவார்.

அன்று, தன் பதவியில் இருந்து போன வருஷம் இறந்துபோன முன்னவரின் கணினி நிரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னவருக்கு ஒரு வழக்கம். வயது, உயரம், எடை, புகை என்று நான்கு உள்ளீடுகளையும் ஒரே பட்டியலாக மூட்டை கட்டிச் சேமித்துவிடுவார். பிறகு 'டூ.கால்' என்ற கட்டளையால் மூட்டையை அப்படியே, ஆயுளைக் கணக்கிடும் ஃபங்ஷனிடம் தள்ளுவார். ஃபங்ஷன் கறாரானது. கேட்காத ஐந்தாவது ஒன்று வந்தால் பிழை என்று கத்தும்.

மணி 3.10. ஓட்டினார். விடை வந்தது.

பட்டியலைத் திறந்தார். வயது 54. எடை 71. இரண்டும் இவருடையவை. தற்செயல் என்றார். வல்லுநர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி...

தனியாள் = ஆம்.

ஃபங்ஷன் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

'இல்லை' என்று மாற்றினார். உடனே பிழை: அப்படி ஓர் உள்ளீடே கிடையாது. 'ஆம்' போட்டார். சத்தமில்லாமல் ஓடியது. மறுபடி 'இல்லை'.

பிழை.

3.24. பின்னால் ஒரு நாற்காலி... கிரீச்.

திரும்பினார்.

யாருமில்லை.

எப்போது போனை எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. மூன்றாவது ரிங்கில் மகள் எடுத்தாள்.

"என்னப்பா, இப்பத்தானே வெச்சீங்க?"

"நானா?"

"அஞ்சு நிமிஷமா மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பக்கத்துல ஒருத்தர், பேசுங்க சார், பேசுங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு. யாருப்பா அது?"

அவருடைய போனில் இந்த ஒரே அழைப்புதான் பதிவாகியிருந்தது. வைக்கத் தைரியமில்லாமல் நாற்பது நிமிஷம் பேசினார்.

மறுநாள், முன்னவர் எப்படிப் போனார் என்று காவலாளியிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

"உங்க நாற்காலிலதான் சார். ஞாயித்துக்கிழமை. திங்க காலைல நான்தான் பார்த்தேன். கையில போன் இருந்துச்சு. மக நம்பர்ல பாதிதான் அடிச்சிருந்தாரு."