பூச்சுப் பார்த்து வாங்கிய பால்சட்டி

குலசேகரம் என் சின்னம்மாவின் மகன். சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர்தான்: மூத்தவன் இவன், இளையவள் துசியந்தி. தகப்பன் வழியில் இவர்களுக்குப் பிடிவாதம் அதிகம். தாய் வழியிலும் குறைவில்லை. அது எங்கள் வழி, எனக்குத் தெரியும்.

லண்டனுக்கு வந்து முதலில் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட், பிறகு கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் ஒரு சிறு கடை, பிறகு முழங்கால் நோ, பிறகு ஓய்வு. ஓய்வெடுத்த பிறகுதான் அவனுக்கு வேலை கூடியது. எங்கள் சொந்தத்தில் யார் எதை வாங்குவதென்றாலும் குலசேகரத்தைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அவனைக் கேட்டு வாங்கி நன்றாக இருந்தவர்கள் என்று எனக்கு யாரும் ஞாபகத்தில் இல்லை. ஆனாலும் கேட்பார்கள். கேட்காமல் வாங்கினால் வீட்டுக்கு வந்து பார்ப்பான். வந்து பார்ப்பதைவிட முன்கூட்டியே கேட்டுவிடுவது சுகம்.

மெத்தை, பிரிட்ஜ் எல்லாம் முடித்து, கடைசியில் அவன் போய் நின்ற இடம் ஒட்டாத சட்டி. நொன்ஸ்டிக். அதற்கு மேலே பூசுகிற பூச்சு இருக்கிறதே, அதிலேதான் அவனுடைய புத்தி போய் ஒட்டிக்கொண்டது. காலை முழுக்க யூடியூப். பின்னேரம் எங்கள் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் வொய்ஸ். எங்கள் சொந்தக்காரன் இராஜேந்திரனின் தாயாருடைய செத்தவீட்டில், பெட்டியை வெளியே எடுக்கிற நேரம், என் காதுக்குள்ளே சொல்கிறான்:

"அண்ணை, கிரனைட் எண்டு கடையில விக்கிறாங்களெல்லே, அது கல்லில்லை. அதே கறுப்புப் பூச்சுதான். மேல புள்ளி குத்தி விட்டிருக்கிறாங்கள்."

"பிறகு கதைப்பம் தம்பி."

"செரமிக் வேற. அது சூடு தாங்கும், ஆனால் கெதியாய் ஒட்டத் தொடங்கியிடும். கறுப்புப் பூச்சு நல்லாய்ச் சறுக்கும், ஆனால் கூடச் சூடானால் அந்தப் புகைக்குக் கூட்டில இருக்கிற கிளி செத்துப்போகும்."

"உன்ரை வீட்டில ஏதடா கிளி?"

"இருந்தால் எண்டு சொல்லுறன்."

அவன் மனைவி தவநாயகி நல்ல பொறுமைசாலி. யாழ்ப்பாணத்தில் உடுப்பிட்டிப் பக்கம். அவளிடம் ஒரு பழைய அலுமினியத் தாச்சிச் சட்டி இருக்கிறது, அதில்தான் சமையல். இவன் வாங்கிய சட்டிகள் எல்லாம் துணி சுற்றி மேல் அலுமாரியில் இருக்கின்றன. கரண்டி பட்டால் கீறு விழும் என்று அவனே சுற்றி வைத்ததுதான்.

இவ்வளவும் இருந்தும் துசியந்திக்கு அவன் வாங்கிக் கொடுத்த தாச்சியால்தான் குடும்பம் பிரிந்தது. அவள் இருப்பது தெற்கு லண்டனில், டூட்டிங்கில். பிறந்தநாளுக்கென்று நல்ல கறுப்புப் பூச்சுத் தாச்சி ஒன்றைத் தானே சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் அடுத்த சனிக்கிழமையே அதில் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்தாள். எங்கள் வீடுகளில் மிளகாய்த்தூள் கடையில் வாங்குவது குறைவு. எண்ணெய் விடாமல், நெருப்பை உச்சத்தில் வைத்து, நிறம் மாறும்வரை வறுக்க வேண்டும். பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று மல்லியோடு மல்லியாகக் கலந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி இருமிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"ஆர் உன்னை வெறும் தாச்சியை எரிக்கச் சொன்னது?" என்று இவன் போனில் கத்தினான்.

"தாச்சி வேறை என்னத்துக்கண்ணை?" என்று அவள் கேட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. கோயிலில் கண்டால் இவன் தெற்கு வாசலால் போவான், அவள் வடக்கு வாசலால் வருவாள். சொந்தமும் இரண்டாகப் பிரிந்தது. டூட்டிங் பக்கம் பூச்சே வேண்டாம் என்கிற கட்சி. கிழக்கு லண்டன் பக்கம் பூச்சுக் கட்சி. என்னைப்போல ஓட்ஸ் கஞ்சி மட்டும் குடிக்கிறவர்களுக்கு நடுவில் இருக்க இடமில்லை.

இப்படி இருக்கும்போது குலசேகரத்தின் மகள் ஜதுர்ஷிகாவும் மருமகன் நிசாந்தனும் பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு புது பிளட் வீடு வாங்கினார்கள். வாடகை வீடு மாறி மாறித் திரிந்த குடும்பத்தில் சொந்தமாக ஒரு கதவு. பால் காய்ச்ச ஐயர் நாள் குறித்துக் கொடுத்தார். எங்கள் வழக்கத்தில் பால் சட்டி மாமி, அதாவது தகப்பனின் சகோதரி, கொண்டுவர வேண்டும். பால் பொங்கி வழியும்வரை வேறு சட்டி பானை எதுவும் அந்தக் குசினிக்குள் போகக் கூடாது. ஜதுர்ஷிகா தானே டூட்டிங்குக்குப் போன் பண்ணி மாமியைக் கூப்பிட்டாள். துசியந்தியும் வருகிறேன் என்றாள்.

குலசேகரத்துக்கு நித்திரை போய்விட்டது. தங்கச்சி என்ன பூச்சோடு வருவாளோ என்கிற கவலை. வழக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தானே சட்டி தேடப் புறப்பட்டான். ஒரு மாதம் கடை கடையாக ஏறினான். உள்ளே தடவிப் பார்த்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தான், ஒரு கடையில் கன்னத்தையும் வைத்துப் பார்த்தானாம். கடைசியில் வெள்ளை செரமிக் பூசின ஒரு சட்டி. முட்டைக் கோது மாதிரி வழுவழுப்பு. எனக்கும் காட்டினான். அழகாகத்தான் இருந்தது.

நாளும் வந்தது. நல்லநேரம் முடிந்தால் இராகுகாலம். பிறகு வேறு நாள் பார்க்க வேண்டும். தவநாயகிக்கு அதுதான் பயம். பால் பொங்கப் பிந்தினால் மகளுக்குக் கூடாது என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். துசியந்தி பட்டுச்சேலையோடு வந்து, கொண்டுவந்த பையைக் குசினி வாசலிலேயே வைத்தாள். குலசேகரம் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணை, சட்டி ரெடியாய் இருக்கு, வேறை வேண்டாம் எண்டு அவவிட்டைச் சொல்லுங்கோ."

"கேட்டுது எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ பெரியண்ணை," என்றாள் துசியந்தி.

இரண்டு பேரும் ஒரு முழத் தூரத்தில் நின்றார்கள்.

விளக்கேற்றி, சட்டிக்கு விபூதி பூசி, பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார்கள். அடுப்பு என்றால் கறுப்புக் கண்ணாடிப் பலகை. நெருப்பு இல்லை. நிசாந்தன் விரலால் தொட்டான். அடுப்பு கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, கண் சிமிட்டி, அணைந்தது. திரும்பத் தொட்டான். திரும்பவும் அணைந்தது. பால் குளிர்ந்தபடியே இருந்தது.

ஜதுர்ஷிகா சட்டியைச் சற்றே தூக்கி அடியைப் பார்த்தாள். "அப்பா, இது இண்டக்‌ஷன் ஹொப். இந்தச் சட்டி வேலை செய்யாது. காந்தம் பிடிக்கிற அடி வேணும்."

"பெஸ்ட் செரமிக் பிள்ளை இது."

"மேலை செரமிக்தான் அப்பா. கீழை அலுமினியம்."

குலசேகரத்தின் வீட்டில் காஸ் அடுப்பு. மகள் வீட்டு அடுப்பு எதுவென்று அவன் கேட்கவே இல்லை.

நிசாந்தன் நல்ல பிள்ளை, ஆனால் இங்கே வளர்ந்தவன். "மாமா, மைக்ரோவேவில வைப்பமா?" என்றான். தவநாயகி அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான். வேறு சட்டி எடுக்கலாமென்றால் சாமான் எல்லாம் இன்னும் குட்மேய்ஸில், குலசேகரத்தின் வீட்டில். போய் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். குசினி வாசலில் அந்தப் பை மட்டும் இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். வாய் திறக்க வேண்டியவன் ஒருவன்தான்.

"அண்ணை," என்று என்னிடம் தொடங்கினான், "அவவிட்டைக் கேளுங்கோ..."

"எனக்குக் காது கேக்கேல்லை தம்பி," என்றேன்.

தவநாயகி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. குலசேகரம் அதைக் கண்டான். முழங்காலைத் தடவினான். பிறகு நேரே திரும்பி, "தங்கச்சி, உன்ரை சட்டியைத் தாவன்," என்றான்.

"பூச்சு இல்லாத சட்டி அண்ணை. உங்களுக்கு ஒத்துவருமோ?"

"ஒத்துவரும்."

"கடையில காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்கினனான். பிள்ளையிட்டை என்ன அடுப்பெண்டு கேட்டனான், அவள் சொன்னவள்."

அவ்வளவுதான் சொன்னாள். பையிலிருந்து பளபளவென்று ஒரு எவர்சில்வர் சட்டி வந்தது. மாமி பாலை மாற்றி ஊற்ற, மருமகள் அடுப்பைத் தொட, அது இந்த முறை கண் சிமிட்டவில்லை. பால் ஏறிக் கிழக்குப் பக்கமாக வழிந்து கண்ணாடியெல்லாம் பரவியது. அடுப்பு ஈரம் பட்டு அலறிக்கொண்டு தானே நின்றுவிட்டது. நேரத்துக்குள்தான் முடிந்தது. தவநாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

எல்லோருக்கும் பால் வார்த்தபோது குலசேகரம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"தங்கச்சி, பார்த்தியோ. அடிப்பிடிச்சிட்டுது. உள்ளுக்கு ஒரு செரமிக் பூச்சு இருந்திருந்தால்..."

"இருந்திருந்தால் இப்பவும் பச்சைப் பால்தான் குடிப்பியள்."

அவன் அதற்குச் சிரித்தான். அவளும் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். டம்ளர்ப் பாலை ஆற்றிக்கொண்டே, "அதை விடுங்கோ," என்றாள். "செத்தல் வறுக்கிறதுக்கு எது நல்லம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

குலசேகரம் கதிரையை முன்னுக்கு இழுத்தான். முதலில் அவளுடைய அடுப்பு காஸா கரண்டா என்று கேட்டான். அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. பிறகு இரும்பில் தொடங்கினான். நான் எழும்பிப் போய் தவநாயகியிடம், மத்தியானச் சாப்பாடு பிந்தும், இப்போதே ஒரு வடை தரச்சொல்லிக் கேட்டேன்.