செத்தவர் அறுபது வருடம் பாடலாம்: ராயபுரத்திலிருந்து சாத்தாங்காடு வரை

ஒரு கையெழுத்து வாங்கத்தான் போன மாசியில் வடசென்னைக்குப் போனேன். மதுரையில் ஒரு சிறிய பதிப்பகத்துக்குப் பதிப்புரிமை அனுமதி வாங்கித் தருவது என் தொழில். அவர்கள் மரண கானாக்களைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள். சாவு வீட்டில் டோலக் தட்டி, இறந்தவரின் பெயரையும் உறவையும் சேர்த்து அங்கேயே கட்டிப் பாடும் பாட்டுகள் அவை. "ஜனங்க பாட்டுதானே, யார் கேக்கப் போறாங்க" என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டினவன் ஒருவன் இருப்பான், அவன் போனால் அவன் வீடு இருக்கும்.

தொகுப்பில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் பாட்டு. அவரை இங்கே தாஸ் என்று சொல்கிறேன். இந்தப் பதிவில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தாஸ் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. உரிமை இப்போது அவர் மனைவி ரெஜினாவுடையது. அவர் சம்மதித்தால்தான் எங்கள் புத்தகம் புத்தகமாக இருக்கும்.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் காலை எட்டரைக்குக் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். டிக்கெட் ஐந்து ரூபாய், அடுத்த நிறுத்தமே ராயபுரம். அங்கிருந்து கல்மண்டபத்துக்கு நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும், அவற்றுக்கு இடையில் மீன் கூடைகளோடு பெண்கள் புகுந்து போவார்கள். நடைபாதையை நம்பாதீர்கள், அது பாதியில் காணாமல் போய்விடும்.

கல்மண்டபத்தில் ஒரு டீக்கடையில் நின்றேன். டீ பன்னிரண்டு ரூபாய், நல்ல ஏலக்காய் டீ. அப்போது எதிரில் ஒரு சவ ஊர்வலம் வந்தது. பூக்களை வாரி இறைத்துக்கொண்டு முன்னால் நாலு பேர், பின்னால் மினி லாரியில் ஸ்பீக்கர். ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் கானா பாடியது. ஆறு மாதமாக அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு வரி வரியாக எழுதியவன் நான். தாஸின் குரல்தான், சந்தேகமே இல்லை. பழைய பதிவு போடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வரியில் இறந்தவரின் பெயர் வந்தது. அதே பெயர்தான் வண்டியில் கட்டியிருந்த பேனரிலும் இருந்தது. அதன் கீழே முந்தின நாள் தேதி போட்டிருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. தாஸ் பீடி குடிக்கிறவர். என்னிடம் இருந்த பதிவுகளில் ரெண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்குவார், இருமுவார். இந்தக் குரல் மூச்சே விடவில்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் யார் பாடுவது என்று கேட்டேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நம்ம தாஸண்ணன் சார். அவுரு போயி ரெண்டு வருசம் ஆவுது. செத்தப்புறம்தான் நெறைய பாடிகினு கீறாரு."

பேயும் பிசாசும் எனக்கு ஒத்துவராத விஷயங்கள். காலை ஒன்பது மணி வெயில் வேறு. ஆனாலும் மீதி டீயைக் குடிக்கத் தோன்றவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி, முப்பது ரூபாய் கொடுத்து, கடலோரமாகத் திருவொற்றியூர் போனேன். ஆறு கிலோமீட்டர்தான், லாரி நெரிசலில் முக்கால் மணி நேரம் பிடித்தது.

ரெஜினாவின் வீடு கருங்கல் கொட்டிய கரைக்குப் பின்னால், மூன்றாவது சந்தில். பகல் நேரத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது, அதன் முன்னால் யாரும் இல்லை. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை, அன்று போகவில்லை. டி.வி.யை ஏன் இவ்வளவு சத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எந்தத் தெருவில் எப்போது சாவு விழும் என்று தெரியாதே என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். தாஸோடு முப்பது வருடம் டோலக் வாசித்தவர் பாஷா. தாஸ் போனபின் கையில் இருந்த பதிவுகளையெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் ஊட்டி அந்தக் குரலை எடுத்திருக்கிறார். இப்போது பெயரைத் தட்டினால் போதும், தாஸின் பழைய பாட்டு வரிகளில் புதிய பெயரை வைத்து அது பாடிவிடும். உயிரோடு இருந்தபோது தாஸுக்கு ஒரு வழக்கம். சாவு வீட்டில் முதலில் பிணத்தின் காலடியில் நிற்பார். வீட்டு ஆள் ஒருவர் தன் வாயால் பெயரைச் சொன்னபின்தான் டோலக்கில் கை விழவேண்டும். பெயர் கேட்காமல் ஒருநாளும் பாடியதில்லை.

முதல்முறை பாஷா அந்தக் கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்தது இரண்டு சந்து தள்ளி ஒரு சாவுக்கு. ஸ்பீக்கர் கட்டிவிட்டு டெஸ்ட் பண்ண வேண்டும். அந்த வீட்டார் இன்னும் பெயர் சொல்லவில்லை. பாஷா கைக்கு வந்த பெயரைத் தட்டினார். முப்பது வருடமாக அவர் சோறு தின்ற வீட்டின் பெயர், ரெஜினா.

தாஸின் குரலில் ரெஜினா செத்துவிட்டாள் என்று குப்பம் முழுக்கக் கேட்டது. அங்கே சாவுச் செய்தி அப்படித்தான் போகும், யாரும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பூக்காரம்மா முதலில் வந்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, ஃப்ரீசர் பாக்ஸ்காரரும் வந்துவிட்டார். ரெஜினா வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். மாலையைத் திருப்பிக் கொண்டுபோக யாருக்கும் மனசு வரவில்லை, வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அதை ஆடு தின்றதாம். சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து ஒரு வருடமாக அந்தக் குரல் எங்கே கேட்டாலும் தன் பெயர் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருக்கிறார். தூக்கம் போய்விட்டது. பாஷாவிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாராம், ஜனங்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்றாராம். அனுமதிப் பத்திரத்தை எடுக்க நான் பையைத் திறப்பதற்கு முன்பே, இதை நிறுத்தச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன். முதலில் உரிமையெல்லாம் லண்டன் அச்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. 1710இல் வந்த சட்டம்தான் எழுதினவனுக்குப் பதினான்கு வருடம் கொடுத்தது, அது முடியும்போது அவன் உயிரோடு இருந்தால் இன்னொரு பதினான்கு. கேட்டு வாங்க ஆள் இருக்கவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1847இல் இங்கே வந்த சட்டம், எழுதினவன் செத்தபின்னும் ஏழு வருடம் என்றது. 1914இல் அது ஐம்பது ஆனது. நம்முடைய 1957ஆம் வருடச் சட்டமும் ஐம்பதில் தொடங்கி, 1992இல் அறுபதுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் செத்தவர்களை உடைமைக்காரர்களாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது. இத்தனை நாள் இதை ஆளுக்கு ஆள் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சாத்திய ஜன்னல்களுக்கு நடுவில் உட்கார்ந்து சொல்லும்போது அந்தப் பெருமை வரவில்லை.

ரெஜினா டி.வி.யை அணைத்தார்.

"அப்ப அறுவது வருசத்துக்கு அவுரு சாவ மாட்டாரா சார்?"

குரலைப் பற்றிச் சட்டம் இன்னும் தடுமாறுகிறது, ஆனால் பாட்டின் வார்த்தைகள் உங்களுடையவை, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சாத்தாங்காட்டுக்கு ஆட்டோவில் நூற்றிருபது ரூபாய், தண்டவாளம் தாண்டி மூன்று கிலோமீட்டர். இரும்பு மார்க்கெட்டில் கிடங்கு கிடங்காகக் கம்பியும் தகடும். கிரேன் தகட்டை இறக்கும்போது மண்டைக்குள் அதிரும். கிடங்குகளுக்கு நடுவில் பாஷாவின் சவுண்டு சர்வீஸ் கடை. ரெஜினாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வில்லனை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். அப்பாவுக்குத் தாஸ் பாடினார், அம்மாவுக்கும் அவரே வேண்டும் என்று பிள்ளைகள் வந்து அழுகிறார்கள், நான் எப்படி இல்லை என்பேன் என்றார். அண்ணன் குரல் மண்ணோடு போகக்கூடாது என்றார். பொய் சொல்கிற முகமில்லை அது.

அன்னைக்குப் பாடினதை அழித்துவிட்டாயா என்று ரெஜினா கேட்டார். பாஷா கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அழிக்க மனசு வரவில்லை, அதுதான் விஷயம். ரெஜினா அதைப் போடச் சொன்னார். பாஷா மாட்டேன் என்றார். ரெஜினா மறுபடி சொன்னார்.

பாட்டு நாலு நிமிடம் ஓடியது. நடுப்பகல், வெளியே லாரிகள், உள்ளே செத்துப்போன கணவன் உயிரோடு நிற்கும் மனைவியின் முன்னால் அவளுக்காக அழுது பாடுகிறான். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ரெஜினா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் மெதுவாக, ஸ்பீக்கரிடம் பேசுவதுபோல், "மூச்சு வுடுயா" என்றார். அது விடவில்லை.

முடிந்ததும் என்னிடம் திரும்பி, தான் வேண்டாம் என்றால் என் புத்தகத்திலும் வராதா என்று கேட்டார். வராது என்றேன். வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம், காகிதத்தில் அச்சடிப்பது வேறு என்று வாதாடியிருக்கலாம்.

பாஷா, "அண்ணி, இத்த நிறுத்திட்டா அண்ணன் மெய்யாலுமே பூடுவாரு" என்றார்.

"சாவட்டும் பாஷா. அவுரு கஷ்டப்பட்டது போதும், சாவ வுடு."

பாஷா ப்ளக்கைப் பிடுங்கினார். பிறகு அங்கேயே, டோலக் உறையின் மேல் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவர் வீட்டில் சாவு விழுந்தது. ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர்களை அப்படியே விட்டுவிட்டு நான் வெளியே வந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி பங்குனிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. மாலை நாலு மணிக்குமேல் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நகராது, திருவொற்றியூரில் இருந்து ரயிலில் திரும்புவது நல்லது. சாத்தாங்காட்டில் தூசி அதிகம், மூக்குக்குத் துணி வேண்டும். அனுமதி வாங்கப் போகிறவர்கள் போனில் முடிக்கப் பார்க்காதீர்கள், நேரில் போங்கள், ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கவும் உரிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் புத்தகம் பாதியாக இளைத்து வரப்போகிறது. பதிப்பாளர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இத்தனை நீளப் பதிவில் தாஸின் பாட்டு ஒரு வரிகூட இல்லையே என்று சிலர் நினைத்திருப்பீர்கள். ஒரு வரி எடுத்துக்காட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. ரெஜினா கொடுக்கவில்லை.