முகாமுக்கு இடம் பார்க்கப் போன ஹெப்சிபா

வயிற்று வலி என்று சொல்லி ஹெப்சிபா டீச்சரிடம் யாரும் லேசில் தப்பித்துவிட முடியாது. முதலில் அன்றைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறதா என்று கால அட்டவணையைப் பார்ப்பாள். அடுத்து பிள்ளையின் கண்ணைப் பார்ப்பாள். வயிறு அதற்கப்புறம்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரைக் கேட்பாள், கண்டக்டர் சொன்ன பிறகும் பக்கத்து சீட்டைக் கேட்பாள். "இம்புட்டு சந்தேகப்பட்டா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுக் கேட்டு அவள் கணவர் கிருபாகரன் ஓய்ந்துபோனார். வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டையரான மனுஷன், அவருக்கே வீட்டில் கையெழுத்து சரிபார்ப்பு நடக்கும்.

வீடு காளவாசலில். மிஷன் பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர், அதில் பத்தொன்பது வருடமாக சாரணியர் படைக்கும் அவள்தான் பொறுப்பு. காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளை மூன்று நாள் மலைக்காட்டுக்கு முகாம் கூட்டிப்போவார்கள். அதற்கு இடம் தேடுவது ஹெப்சிபாவின் வேலை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள், இவள் சொல்லாமல் போய் நிற்பாள். சொல்லிவிட்டுப் போனால் கக்கூஸைக் கழுவி வைத்துவிடுவார்கள் என்பது அவள் கட்சி. போனதும் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். பிறகு குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்பாள், தண்ணீர் எப்போது கலங்கும் என்று காத்திருப்பதுபோல. இடத்துக்காரரிடம் எதையும் கேட்க மாட்டாள், சமையல்காரரிடமும் எதிர் டீக்கடையிலும்தான் விசாரணை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பத்தொன்பது வருடத்தில் அவள் கூட்டிப்போன ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனதில்லை.

இந்த வருடம் ஒரு சிக்கல் முளைத்தது. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து வரும் ஆறு பிள்ளைகளின் தாய்மார்களும் "பவதாரிணி போனா எங்க பிள்ளையும் வரும்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பவதாரிணி ஒன்பதாம் வகுப்பு. போன வருடம்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தாள், அதற்குள் ஒரு அணிக்குத் தலைவி. கண்ணை மூடிக்கொண்டு பதினாறு வகை முடிச்சும் போடுவாள். அவள் அம்மா கனகலட்சுமி வயலில் இருந்து நேராக வந்தவள் போலப் பள்ளிக்கு வந்து நின்றாள்.

"எடத்தப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டோம் டீச்சர். நீங்க பாக்கப் போறப்ப நானும் வாரேன்."

பத்தொன்பது வருடத்தில் எந்தத் தாயும் இப்படிக் கேட்டதில்லை. ஹெப்சிபாவுக்குப் பொறி தட்டியது.

அதற்குக் காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் முத்துமீனா என்றொரு பிள்ளை. குளிர் ஒத்துக்காது, இடம் சரியில்லை என்று வீட்டில் ஏதேதோ சொல்லி முகாமுக்கு அனுப்பவில்லை. பாவம், பயந்த வீடு என்று ஹெப்சிபாவும் விட்டுவிட்டாள். முழுப் பரீட்சை முடிந்த கையோடு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட அவள் யோசித்து முடிப்பதற்குள் தாலி ஏறிவிட்டது. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாமே என்ற வருத்தம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. இன்னொரு பிள்ளையை அப்படி விட்டுவிடக் கூடாது என்று மனதுக்குள் சத்தியமே செய்திருந்தாள்.

சனிக்கிழமை காலை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் சந்தித்தார்கள். ஹெப்சிபா தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்பி வரும்போது, கனகலட்சுமி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் எடத்தப் பாத்துட்டுச் சொல்றேன்ணே. அதுவரைக்கும் டீச்சருக்கு எதுவும் தெரிய வேணாம். பிள்ளைகிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

ஹெப்சிபா இரண்டு அடி பின்னால் போய், செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்தாள். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மெதுவாகத் தூண்டிலைப் போட்டாள்.

"ஒங்க அண்ணனுக்குப் பையன் இருக்கானா?"

"ரெண்டு பேரு. பெரியவன் அருண்பாண்டி பட்டாளத்துல இருக்கான். ஏன் டீச்சர்?"

"சும்மாதான்."

கனகலட்சுமி ஒன்றும் இளைத்தவள் அல்ல. நிலக்கோட்டை தாண்டும்போது அவள் பங்குக்குக் கேட்டாள். "மலையில வச்சு ஜெபம் கிபம் பண்ணச் சொல்லுவீகளா?"

"பாட்டு உண்டு. பாடப் பிடிக்காதவங்க வெங்காயம் உரிக்கலாம்."

பாம்பின் கால் பாம்பறியும். மலையடிவாரம்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டே போனார்கள்.

அடிவாரத்தில் ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். மலைப்பாதையில் முதல் இடம் ரோட்டை ஒட்டியே இருந்தது. ஒரு பழைய பங்களா, தகரக் கொட்டகை, நாலு வாழை மரம். ஒரு பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம், மறுபக்கம் பலாப்பழ லாரிகள் நின்று மூச்சு வாங்கும் வளைவு. ஐந்து நிமிடத்தில் ஹெப்சிபா முடிவு சொல்லிவிட்டாள். "லாரி ஹாரன் கேக்கவா பிள்ளைங்கள மலைக்குக் கூட்டிட்டு வரணும்? அதுக்கு நம்ம காளவாசல் சிக்னலே போதும்."

கனகலட்சுமி மட்டும் நகரவில்லை. காவலுக்கு இருந்த பேயாண்டி என்ற பெரியவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆஸ்பத்திரியில ராத்திரி ஆளு இருக்குமாண்ணே?"

"நர்சம்மா வீடு இந்தா பின்னாடிதான் தாயி. ஆம்புலன்சும் இங்கனதான் நிக்கும்."

என்னவோ வீட்டுக்குப் போய்ச் சொல்லக் குறை பொறுக்குகிறாள் என்று ஹெப்சிபா நினைத்துக்கொண்டாள்.

அடுத்தது ஒரு காப்பித் தோட்டத்துக்குள். ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் போய் இறங்கியதும் ஹெப்சிபாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சவுக்குபோல் உயர்ந்த மரங்கள், அதில் படர்ந்த மிளகுக்கொடி, ஆரஞ்சு மரங்கள், நடுவில் இருபது கூடாரம் அடிக்கிற அளவுக்குப் புல்தரை, ஓரமாக ஒரு ஓடை. மலை அணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவியது. கக்கூஸைத் திறந்தாள். சுத்தம். சொல்லாமல் வந்தும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது. குழாயில் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுப் பார்த்தாள், கலங்கவே இல்லை. இதைவிட நல்ல இடம் அவள் ஆயுசில் பார்த்ததில்லை.

கனகலட்சுமி ஆரம்பித்தாள். "இந்த ஓடை எம்புட்டு ஆழம்?"

"முழங்கால்."

"நெருப்பு எங்க மூட்டுவீக?"

"நடுவுல. சுத்தி உக்காந்து பாடுவோம்."

"ராத்திரி எத்தன மணிக்குப் படுக்க விடுவீக?"

"ஆட்டம் பாட்டெல்லாம் முடிய பன்னெண்டு ஆகும். முகாமுன்னா அப்படித்தான்."

கனகலட்சுமி போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். நாலு திசையிலும் திரும்பினாள். "டவர் ஒரு கோடுகூட இல்ல. வேணாம் டீச்சர். இந்த எடம் வேணாம்."

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. ஹெப்சிபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தாழும்.

"கனகம், நேராவே கேக்குறேன். தேதி குறிச்சாச்சா?"

"எதுக்குத் தேதி?"

"பவதாரிணிக்கு. ஒங்க அண்ணன் மகனுக்கு."

கனகலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன வாய் டீச்சர் இது? ஒம்பதாவது படிக்கிற பிள்ளைக்கா? நீங்கல்லாம் எங்கள என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"அப்ப போன்ல ஒங்க அண்ணன்கிட்ட எனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னது என்ன?"

கனகலட்சுமி புல்லில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் முகம் நனைந்துதான் இருந்தது.

"அவளுக்கு வலிப்பு இருக்கு டீச்சர்."

இரண்டு தடவை வந்ததாம். மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை வருடமாக வரவில்லை. மாதா மாதம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அந்த அண்ணன்தான். முகாமுக்குப் போகலாமா என்று அவரே டாக்டரிடம் கேட்டிருக்கிறார். தாராளமாகப் போகலாம், மாத்திரை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, தண்ணீர்ப் பக்கமும் நெருப்புப் பக்கமும் தனியாகப் போகக் கூடாது, கூட இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும் என்றிருக்கிறார் டாக்டர்.

"அந்தக் கடைசிதான் எங்களால முடியல" என்றாள் கனகலட்சுமி. "பழைய பள்ளிக்கூடத்துல பிரேயர்ல வச்சு வந்துருச்சு. கையில ஆளுக்கொரு சாவியத் திணிச்சிருக்காங்க. வாயில ஸ்பூன விட்டு ஒரு பல்லே ஆடிப்போச்சு. மறுநாள்லருந்து அவளுக்குப் பேரு சாவிக்கொத்து. பக்கத்துல ஒரு பிள்ளை உக்காரல. அதான் ரெண்டு பஸ் மாறி ஒங்க பள்ளிக்கூடத்துல சேத்தோம். நீங்க போடுற எடம் தோதா இருந்தா ஒங்ககிட்ட மட்டும் சொல்லுவோம், தோதா இல்லாட்டி அனுப்பாமலே இருந்துருவோம்னு அண்ணன்கிட்ட பேசி வச்சிருந்தேன்."

ஹெப்சிபாவின் மனசு என்ன நினைத்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. நாலு கிலோமீட்டர் காட்டுக்குள் அந்தப் பிள்ளை விழுந்தால் என்ன செய்வது? பொறுப்பு யார் தலையில்? பேசாமல் அந்தப் பேரை மட்டும் எடுத்துவிட்டால் என்ன? ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் அவள் மனதுக்குள் அந்தப் பேரை எடுத்தே விட்டாள்.

கனகலட்சுமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா. இந்த மூஞ்சிக்குத்தான் சொல்லல."

ஹெப்சிபாவுக்கு வெட்கமாகிவிட்டது. முத்துமீனாவைக் காப்பாற்றாத குறைக்கு இந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் புறப்பட்டு வந்தவள், கடைசியில் தானே கதவைச் சாத்தப் பார்த்திருக்கிறாள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒருநாள் முதல் பீரியடில் பவதாரிணி தூங்கி வழிந்தபோது, "ராத்திரி பூரா போனா?" என்று வகுப்பு முன்னால் நிற்க வைத்துக் கேட்டாள். அது மாத்திரைத் தூக்கம். இல்லாத கல்யாணத்தையெல்லாம் மோப்பம் பிடிக்கத் தெரிந்த மூக்கு, கண் முன்னால் உட்கார்ந்திருந்த நோயைப் பார்க்கவில்லை. தன் சந்தேகத்தின்மேல் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது.

"அம்புட்டுப் பயம் இருந்தும் ஏன் அனுப்பணும்னு நெனைக்கிறீங்க?"

"போகணும்னு அழுகுறா டீச்சர். வீட்டுல நாங்க ஒவ்வொரு நிமிஷமும் அவ மூஞ்சியத்தான் பாக்குறோம். அது அவளுக்கும் தெரியுது. மூணு நாளு யாரும் அப்படிப் பாக்காத எடத்துல இருக்கட்டுமே."

ஹெப்சிபா பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "மாத்திரை பேரு சொல்லுங்க. எத்தன மணிக்கு? வந்தா எம்புட்டு நேரம் இருக்கும்? டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கித் தாங்க, அது என் பையிலயே இருக்கும்." ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு எழுதினாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கழுத்துப் பட்டனைத் தளர்த்த வேண்டும், எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது. எழுதி முடித்ததும் ஜீப்காரரைக் கூப்பிட்டாள். "வந்த வழியிலயே போங்க. ரோட்டோரத்துல ஒரு பங்களா பாத்தோம்ல, அங்க நிறுத்துங்க."

திங்கட்கிழமை தலைமையாசிரியை எஸ்தரின் மேஜையில் அவளுடைய அறிக்கை இருந்தது. லாரி வளைவு, தகரக் கொட்டகை, நாலு வாழை மரம். விளக்கணைக்கும் நேரம் ஒன்பதரை. இரவு விளையாட்டு கிடையாது. எஸ்தர் இரண்டு தடவை படித்தார்.

"காப்பித் தோட்டம் சொர்க்கம் மாதிரி இருக்குன்னு நீங்கதானே மெசேஜ் போட்டீங்க? டவர் இல்லாம சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்து சேந்துச்சு."

"ஆமா மிஸ். யோசிச்சுப் பாத்தேன், இதுதான் சரி."

"இருபது வருஷமா ஒங்களத் தெரியும் ஹெப்சி. காரணமில்லாம நீங்க ஒரு ஜன்னலக்கூடத் தொறக்க மாட்டீங்க. ஸ்டாப் ரூம்ல, அந்த பங்களாக்காரர் ஒங்க சொந்தமான்னு இப்பவே பேச்சு ஓடுது. எதையோ மறைக்கிறீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு வராது. "மறைக்கிறேன் மிஸ். ஒரு பிள்ளைக்காக. டாக்டர் போகலாம்னு சொல்லிட்டார், கைப்பட எழுதியும் குடுக்கிறார். பொறுப்பு என்னோடது. எந்தப் பிள்ளைன்னு அந்த அம்மா சம்மதிச்சா நானே வந்து சொல்றேன், அதுவரைக்கும் கேக்காதீங்க."

எஸ்தர் கேட்கவில்லை. ஆனால் அறிக்கையோடு இணைத்திருந்த பெயர்ப் பட்டியலை முன்னால் இழுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பெயரில் கண்ணை வைத்தார். அடுத்த பெயர். அதற்கடுத்தது. ஒவ்வொரு பெயரிலும் ஒரு நொடி நின்று, இவளா, இவளுக்கு என்ன என்று தேடியபடி கண் கீழே இறங்கியது. அந்தப் பார்வை ஹெப்சிபாவுக்கு நன்றாகத் தெரியும்.

பவதாரிணியின் பெயர் ஏழாவது. கண் ஐந்தாவது பெயருக்கு வரும்போது ஹெப்சிபா கையை நீட்டிப் பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

"எல்லாரும் நல்லா இருக்கிற பிள்ளைங்கதான் மிஸ். நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க."