கண்மாய்க்குள் காயும் துணி

இராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்துகிறேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. கம்பு நட்டு, கயிறு கட்டி, வெளுத்த பேண்டேஜ் துணியைக் காயப்போட்டிருக்கிறார்கள். பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறுகிறது. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் யார் காயத்தைக் கட்டப்போகிற துணியோ!

துணியைத் திருப்பிப் போடும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறேன். “இவ்வளவும் ஒரே கம்பெனித் துணியாக்கா?”

“ஆமா அண்ணாச்சி. முன்ன கரையோரமா மட்டுந்தான் காயப்போடுவோம். இப்ப ஆர்டர் கூடிப்போச்சு, நடுக் கண்மாய் வரைக்கும் வந்துட்டோம்.”

“கண்மாய் பெருகினா?”

“பெருகுனா துணிய எங்க காயப்போட? பெருகலைன்னா கம்பெனிக் கெணத்துல தண்ணி ஊறாது. பொறவு எதுல அலச?” சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார்.

எனக்கு விட மனமில்லை. “அப்ப மழை வேணுமா, வேண்டாமா?”

அவர் வாய் திறப்பதற்குள் மேற்கே மலைப்பக்கம் இடி உருள்கிறது. கண்மாய்க்குள் நிற்கும் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அக்காவின் முகம் மலர்கிறது. கைகளோ அவசர அவசரமாகத் துணியை உருவத் தொடங்கிவிட்டன.